கார்புரேட்டரிலிருந்து இன்ஜெக்ஷனுக்கு: சேலம், ஏற்காடு பகுதியில் பழைய கார் வைத்திருப்போர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அம்பாசிடர், பிரீமியர் பத்மினி, ஸ்டாண்டர்ட் ஹெரால்டு, கார்புரேட்டர் காலத்து மாருதி 800, ஜிப்சி போன்ற பெட்ரோல் வண்டிகளுக்கு மின்னணு எரிபொருள் இன்ஜெக்ஷன் பொருத்துவது பற்றி வழக்கமாக எழும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இங்கே தரப்படுகின்றன. டீசல் வண்டிகளுக்கு இவற்றில் எதுவும் பொருந்தாது.

மாற்றம் என்றால் எவையெல்லாம் மாறும்?

கார்புரேட்டரில் பெட்ரோலை அளப்பது காற்றே ஆகும். குறுகலான வெஞ்சுரி வழியாகக் காற்று விரையும்போது அங்கே அழுத்தம் குறைந்து, அந்தக் குறைவு ஜெட்டின் வழியாகப் பெட்ரோலை மேலே இழுக்கிறது. இன்ஜெக்ஷனில் அளக்கும் வேலையை ஈசியூ என்னும் கட்டுப்பாட்டுப் பெட்டி ஏற்றுக்கொள்கிறது. மேனிஃபோல்டின் (காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரித்துக் கொண்டுசெல்லும் குழாய்) அழுத்தம், உள்ளே வரும் காற்றின் வெப்பம், தண்ணீரின் வெப்பம், த்ராட்டில் (ஆக்சிலரேட்டரை மிதித்தால் திறக்கும் காற்றுக் கதவு) திறந்திருக்கும் அளவு, எஞ்சின் சுற்றும் வேகம் ஆகியவற்றைத் தனித்தனி சென்சார்கள் சொல்ல, ஒவ்வொரு சுற்றுக்கும் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் எத்தனை மில்லி வினாடி திறந்திருக்க வேண்டும் என்று அது கணக்கிடுகிறது. ஆகவே கார்புரேட்டர் போய் அதே இடத்தில் இன்னொரு பாகம் வருகிறது என்று இதை நினைக்கக் கூடாது. பெட்ரோல் பம்ப், டேங்கிலிருந்து வரும் பைப், டேங்குக்குத் திரும்பும் பைப், வயரிங், சார்ஜிங், சைலன்சர் பைப்பில் ஆக்சிஜன் சென்சாருக்கான இடம், கிராங்க் புல்லியில் பல் சக்கரம் என்று வண்டியின் முன்முனை முதல் பின்முனை வரை வேலை இருக்கிறது. ஈசியூவின் விலையை மட்டும் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்குவோர் பாதியில் நிறுத்திவிடுவதற்கு இதுவே காரணம்.

சேலத்தில் ஒழுங்காக ஓடும் வண்டி ஏற்காடு ஏறும்போது ஏன் திணறுகிறது? இன்ஜெக்ஷன் அதைத் தீர்க்குமா?

சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு 1,500 மீட்டரைத் தாண்டிவிடுகிறது. அடிவாரத்தில் தொடங்கி இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற்காட்டின் ஒண்டிக்கடைக்கு வந்து சேர்வதற்குள் காற்றழுத்தம் சுமார் 14 விழுக்காடு குறைந்துவிடும். மேலே குளிர்ச்சி இருப்பதால் காற்றின் அடர்த்தி அந்த அளவுக்குக் குறையாமல், 10 அல்லது 11 விழுக்காட்டு இறக்கத்தோடு நின்றுகொள்கிறது. கார்புரேட்டருக்கு இந்த வேறுபாடு தெரியாது. அதன் ஜெட் வழியாக வரும் பெட்ரோல் காற்றின் அடர்த்திக்கு நேர் விகிதத்தில் குறைவதில்லை. அடர்த்தியின் வர்க்கமூலத்தை ஒட்டியே குறைகிறது. எனவே மலை மேல் கலவை ஐந்து, ஆறு விழுக்காடு ரிச் (பெட்ரோல் மிகுதி) ஆகிவிடுகிறது. ஐடிலில் வண்டி குலுங்குவதும், சைலன்சரில் பெட்ரோல் வாடை வருவதும், பிளக்கின் முனையில் கறுப்புக் கரி படிவதும் இதன் விளைவுகளே.

மேனிஃபோல்டின் தனி அழுத்தத்தை (வெற்றிடத்தைச் சுழியமாகக் கொண்டு அளக்கும் அழுத்தம்) அளந்து கணக்கிடும் ஈசியூவில் இந்தத் திருத்தம் தானாகவே நடந்துவிடும். உள்ளே வரும் காற்று எவ்வளவோ அதற்கேற்ற பெட்ரோலே செல்லும். ஆனால் த்ராட்டில் கோணத்தையும் வேகத்தையும் மட்டும் வைத்துக் கணக்கிடும் முறையைத் தேர்ந்தெடுத்தால், வெளிக் காற்றழுத்தத்துக்கென்று தனி சென்சார் பொருத்தியே ஆக வேண்டும். இல்லையென்றால் கார்புரேட்டரில் இருந்த அதே குறை இன்ஜெக்ஷனிலும் தொடரும். மலைப்பாதையில் ஓடும் வண்டிக்கு முதல் முறையையே பரிந்துரைக்கிறேன்.

ஏற்றத்தில் வரும் இன்னொரு தொல்லை வேப்பர் லாக். சித்திரை வெயிலில் பேருந்தின் பின்னால் இரண்டாம் கியரில் ஊர்ந்து ஏறும்போது, எஞ்சின் பிளாக்கிலேயே பொருத்தப்பட்ட இயந்திரப் பம்ப்பில் பெட்ரோல் ஆவியாகி வண்டி நின்றுவிடுகிறது. ஈரத்துணியைப் பம்ப்பின் மேல் போட்டுக் காத்திருந்து கிளம்பும் பழக்கம் இந்தச் சாலைக்குப் புதிதன்று. இன்ஜெக்ஷனில் பம்ப் டேங்கின் பக்கம் போய்விடுகிறது. பெட்ரோல் மூன்று பார் அழுத்தத்தில் இருக்கிறது. மிகுதி திரும்பும் பைப் வழியாக ஓடிக்கொண்டே இருக்கிறது. ஆகையால் இந்தத் தொல்லை அநேகமாக நீங்கிவிடும்.

இழுவை கூடுமா? மைலேஜ் கூடுமா?

இழுவை கூடும் என்று எதிர்பார்த்துச் செய்யாதீர்கள். காற்றிலேயே பத்து விழுக்காடு குறைந்துவிட்ட இடத்தில், டர்போ இல்லாத எந்த எஞ்சினும் அதை ஈடுகட்ட முடியாது. கிடைப்பது வேறு: குளிர் காலையில் சோக் இழுக்காமல் ஸ்டார்ட் ஆவது, ஆக்சிலரேட்டரை மிதித்தவுடன் தயங்காமல் எடுப்பது, மேலும் கீழும் ஒரே சீராக ஓடுவது. மைலேஜைப் பொறுத்தவரை, நன்றாக ட்யூன் செய்த கார்புரேட்டரோடு ஒப்பிட்டால் சமவெளியில் பெரிய வித்தியாசம் தெரியாது. இறக்கத்தில்தான் தெரியும். ஆக்சிலரேட்டரை முழுக்க விட்டு, கியரில் இறங்கும்போது ஈசியூ பெட்ரோலை அறவே நிறுத்திவிடும்; வேகம் ஐடிலை நெருங்கும்போது மீண்டும் தொடங்கும். எஞ்சின் பிரேக்கிங் அப்படியே இருக்கும். கார்புரேட்டரோ அவ்வளவு தூரமும் ஐடில் துவாரம் வழியாகப் பெட்ரோலைக் கொடுத்துக்கொண்டே இறங்கும். சைலன்சரில் கேட்கும் பட்பட் சத்தம் அந்த வீண் பெட்ரோலே.

இ20 பெட்ரோல் வந்தபின் மாற்றுவது கட்டாயமா?

கட்டாயமில்லை, ஆனால் மாற்றுவதற்கு இது நல்ல காரணம். கலப்பில்லாத பெட்ரோல் முழுமையாக எரிய எடையில் 14.7 பங்கு காற்று வேண்டும். இருபது விழுக்காடு எத்தனால் கலந்ததற்கு ஏறக்குறைய 13.5 பங்கு போதும். பழைய ஜெட்டோடு இ20 போட்டால் கலவை எட்டு விழுக்காடு அளவுக்கு லீன் (பெட்ரோல் குறைவு) ஆகிறது என்பது இதன் பொருள். ஏற்காட்டில் உயரத்தால் வரும் ரிச்சும் இந்த லீனும் பெரும்பாலும் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும் என்பதால், மலை மேல் நன்றாக ஓடும் வண்டி சேலத்தில் சூடாகி மிஸ் அடிக்கலாம். ஜெட்டை ஒரு அளவு பெரிதாக்கினால் சேலத்தில் சரியாகி மேலே கெட்டுவிடும். இந்த இழுபறியிலிருந்து விடுபட ஆக்சிஜன் சென்சாரின் தகவலை வைத்துத் திருத்திக்கொள்ளும் ஈசியூவே வழி.

இன்ஜெக்ஷன் ரப்பரைக் காப்பாற்றாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எத்தனால் தாங்காத பழைய ஹோஸ்களும் டயாஃபிரமும் எந்த அமைப்பிலும் ஊறிக் கெடும். டேங்கில் தண்ணீர் இருந்தால் எத்தனால் அதனோடு சேர்ந்து அடியில் தனியே பிரிந்து நிற்கும். மாதக்கணக்கில் ஓடாமல் நிற்கும் வண்டிக்கு இது பெரிய ஆபத்து.

எஞ்சின் கொஞ்சம் தேய்ந்திருக்கிறது. இன்ஜெக்ஷன் போட்டால் சரியாகிவிடுமா?

ஆகாது. முதலில் கம்ப்ரஷன் பாருங்கள். சிலிண்டர்களுக்கிடையே பத்து விழுக்காட்டுக்கு மேல் வேறுபாடு இருந்தால் அந்தச் செலவை முதலில் செய்யுங்கள். ஆயில் குடிக்கும் எஞ்சினில் ஆக்சிஜன் சென்சார் நெடுநாள் தாங்காது.

த்ராட்டில் பாடி இன்ஜெக்ஷனா, ஒவ்வொரு போர்ட்டுக்கும் தனி இன்ஜெக்டரா?

வண்டியைப் பொறுத்தது. த்ராட்டில் பாடி வகையில் கார்புரேட்டர் இருந்த இடத்திலேயே ஒரு த்ராட்டில் பாடி அமர்ந்து, அங்கேயே பெட்ரோலைப் பீய்ச்சும். பழைய மேனிஃபோல்டு அப்படியே இருக்கும். போர்ட் (ஹெட்டில் காற்று உள்ளே போகும் வழி) வகையில் ஒவ்வொரு வால்வுக்கும் பின்னால் ஓர் இன்ஜெக்டர் வரும். பங்கீடு சீராக இருப்பது இரண்டாவதில்தான். சாதாரணமாக அதையே பரிந்துரைப்பார்கள்.

1,489 சி.சி. பெட்ரோல் அம்பாசிடரில் மட்டும் யோசிக்க வேண்டும். பி.எம்.சி. பி-சீரீஸ் எனப்படும் அந்த எஞ்சினின் ஹெட்டில் நான்கு சிலிண்டருக்கும் இரண்டே இன்லெட் போர்ட்கள். ஒன்றும் இரண்டும் ஒரு போர்ட்டைப் பகிர்கின்றன. மூன்றும் நான்கும் மற்றொன்றைப் பகிர்கின்றன. ஃபயரிங் வரிசை 1-3-4-2. இதன்படி ஒரு போர்ட்டில் இரண்டு சிலிண்டர்கள் அடுத்தடுத்து உறிஞ்சிவிட்டு, பிறகு நெடுநேரம் அந்தப் போர்ட் சும்மா கிடக்கும். அந்த இடைவெளியில் பீய்ச்சிய பெட்ரோல் அங்கேயே தேங்கி, முதலில் உறிஞ்சும் உட்பக்கச் சிலிண்டருக்குப் பெரும்பங்கும் அடுத்து உறிஞ்சும் வெளிப்பக்கச் சிலிண்டருக்கு மிச்சமும் போய்ச் சேரும். உள்ளே இருப்பவை ரிச், ஓரத்தில் இருப்பவை லீன். கேம் சென்சார் வைத்து, எந்தச் சிலிண்டரின் வால்வு திறந்திருக்கிறது என்று அறிந்து நேரம் பார்த்துப் பீய்ச்சினால் இதைச் சமாளிக்கலாம். ஆனால் அது பொறுமையும் அனுபவமும் கேட்கும் வேலை. அம்பாசிடருக்கு த்ராட்டில் பாடி வகையே போதும் என்பது என் கருத்து. பெட்ரோல் மேனிஃபோல்டு முழுக்க ஈரமாகப் பயணம் செய்யும் என்பதால், கீழே எக்ஸாஸ்ட்டோடு இருக்கும் சூட்டுத் தொடர்பை எடுத்துவிடாமல் இருப்பது முக்கியம்; டிசம்பர் மாத ஏற்காட்டு மூடுபனியில் அதன் அருமை தெரியும்.

அமெரிக்காவிலிருந்து வரும் ஆயத்த த்ராட்டில் பாடி கிட்கள் பெரும்பாலும் ஐந்து லிட்டருக்கு மேற்பட்ட வி8 எஞ்சின்களை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. விளம்பரத்தைப் பார்த்து அவற்றை வாங்கி ஒன்றரை லிட்டர் எஞ்சினில் பொருத்த முயல்வது வீண் செலவு.

மாருதி 800-க்குக் கம்பெனியின் எம்.பி.எஃப்.ஐ. பாகங்களே பொருந்துமா?

2000-ஆம் ஆண்டு மாசு விதிகள் இறுகியபோது மாருதி 800-க்கும் எம்.பி.எஃப்.ஐ. (ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி இன்ஜெக்டர் கொண்ட முறை) வந்தது, ஆகவே அதே குடும்பத்து மேனிஃபோல்டும் இன்ஜெக்டர்களும் பழைய பாகங்கள் விற்கும் கடைகளில் கிடைக்கின்றன. இது எளிதான, மலிவான வழி. வாங்குமுன் உங்கள் ஹெட்டிலிருந்து கழற்றிய இன்டேக் கேஸ்கெட்டைக் கையோடு கொண்டுபோய், அந்த மேனிஃபோல்டின் முகத்தில் வைத்துப் பாருங்கள். ஸ்டட் துளைகளும் போர்ட்டின் விளிம்பும் கோடு மாறாமல் உட்கார வேண்டும். கம்பெனி ஈசியூவையே பயன்படுத்துவதானால் அந்த வண்டியின் வயரிங்கையும் டிஸ்ட்ரிபியூட்டர் சென்சாரையும் முழுமையாக எடுத்துவர வேண்டும். அரைகுறையாக வெட்டி வந்த வயரிங் எந்த விலைக்கும் வேண்டாம்.

இன்ஜெக்டரின் அளவை எப்படி முடிவு செய்வது?

எஞ்சினின் குதிரைத்திறனைப் பாதியாக்கினால் மணிக்கு எத்தனை பவுண்டு பெட்ரோல் வேண்டும் என்பது தோராயமாகக் கிடைக்கும். அதை இன்ஜெக்டர் எண்ணிக்கையால் வகுத்து, மீண்டும் 0.8-ஆல் வகுக்க வேண்டும். சுமார் 40 குதிரைத்திறன் உள்ள பத்மினிக்கு நான்கு இன்ஜெக்டர் என்றால், ஒவ்வொன்றும் மணிக்கு 6.25 பவுண்டு, அதாவது நிமிடத்துக்கு 65 சி.சி. அளவு போதும், இ20-க்காகக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம். பெரிய காரின் 250 சி.சி. இன்ஜெக்டரைப் போட்டால் ஐடிலில் அது திறந்து மூடும் நேரம் மிகச் சிறியதாகி, கலவையை நிலைநிறுத்தவே முடியாது. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 மாசு விதி வந்தபின் ஏறத்தாழ எல்லா மோட்டார் சைக்கிள்களிலும் இன்ஜெக்டர் வந்துவிட்டதால், சிறிய அளவுகள் இப்போது எளிதில் கிடைக்கின்றன.

பழைய பெட்ரோல் டேங்க்கையே வைத்துக்கொள்ளலாமா?

வைத்துக்கொள்ளலாம், ஆனால் அப்படியே அல்ல. கார்புரேட்டரின் கீழே இருக்கும் ஃப்ளோட் கிண்ணம் ஒரு சிறு சேமிப்புத் தொட்டியாக இருந்துவந்தது. பம்ப் சில வினாடிகள் காற்றை இழுத்தாலும் எஞ்சினுக்குத் தெரியாது. இன்ஜெக்ஷனில் அந்தக் கிண்ணம் இல்லை. டேங்கில் கால் பங்கு பெட்ரோலோடு கொண்டை ஊசி வளைவில் வண்டியைத் திருப்பும்போது பெட்ரோல் முழுவதும் ஒரு பக்கம் ஒதுங்கும். உறிஞ்சும் குழாயின் வாய் வெளியே வந்துவிடும். அந்த நொடியே அழுத்தம் விழுந்து எஞ்சின் இருமும். வளைவு முடிந்து நேரானவுடன் சரியாகிவிடுவதால் மெக்கானிக்கிடம் காட்டும்போது குறை தெரியாது. சமவெளியில் மட்டும் ஓட்டிப் பார்த்து வண்டியைத் திருப்பிக் கொடுக்கும் பட்டறைகள் கவனிக்கத் தவறுவது பெரும்பாலும் இதையே.

தீர்வு இரண்டு. டேங்கைத் திறந்து உள்ளே தடுப்புத் தகடுகளோடு பம்ப்பையும் அமைப்பது முதல் வழி. பெட்ரோலில் மூழ்கியிருக்கும் பம்ப் குளிர்ச்சியாக இருந்து நெடுநாள் உழைக்கும். ஒரு லிட்டர் அளவுள்ள சிறு தொட்டியை வெளியே பொருத்தி, பழைய வகைக் குறைந்த அழுத்தப் பம்ப் அதை நிரப்ப, உயர் அழுத்தப் பம்ப் அதிலிருந்து எடுக்கும்படி செய்வது இரண்டாம் வழி. டேங்கை வெல்டிங் செய்வதானால் ஆவி முழுக்கப் போகும்வரை நன்கு கழுவி, இதில் பழக்கமுள்ளவரிடமே கொடுக்க வேண்டும். காலி டேங்க் நிரம்பிய டேங்கைவிட ஆபத்தானது.

கார்புரேட்டருக்கு மூன்று முதல் ஐந்து பி.எஸ்.ஐ. போதும், இன்ஜெக்ஷனுக்கு நாற்பதுக்கு மேல் வேண்டும். ஆகையால் சாதாரண பெட்ரோல் ஹோஸும், திருகி இறுக்கும் சாதாரண கிளிப்பும் கூடாது. எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்9 என்று அச்சிட்ட ஹோஸையும் அதற்கான முழுவட்டக் கிளாம்பையும் போடுங்கள். பம்ப்புக்கு முன் பெரிய கண் ஃபில்டரும், பின் பத்து மைக்ரான் ஃபில்டரும் வேண்டும். மோதலில் பம்ப்பின் மின்சாரத்தைத் துண்டிக்கும் இனர்ஷியா சுவிட்ச்சை விட்டுவிடாதீர்கள்.

வயரிங்கில் எதைக் கவனிக்க வேண்டும்?

இன்ஜெக்ஷன் வண்டிகளில் வரும் கோளாறுகளில் பெரும்பகுதி ஈசியூவில் இருப்பதில்லை. எர்த்திலும் கனெக்டரிலும் ரிலேயிலும்தான் இருக்கிறது.

முதலில் சார்ஜிங். பம்ப், இன்ஜெக்டர், காயில், ஆக்சிஜன் சென்சாரின் ஹீட்டர் எல்லாம் சேர்ந்து பன்னிரண்டு முதல் பதினைந்து ஆம்பியர் வரை இழுக்கும். டைனமோ வண்டியில் ஐடிலில் வரும் மின்சாரம் ஏறக்குறைய ஒன்றுமில்லை. மாலையில் ஐந்து ரோடு சிக்னலில் ஹெட்லைட்டும் வைப்பரும் போட்டுக்கொண்டு நின்றால் பேட்டரி இறங்கிக்கொண்டே போகும். ஆல்டர்னேட்டர் போட்டபின் மற்றதைப் பேசலாம். பிரிட்டிஷ் வடிவமைப்பிலான மிகப் பழைய சில வண்டிகள் பாசிட்டிவ் எர்த் (பேட்டரியின் பாசிட்டிவ் முனை பாடியோடு இணைந்திருப்பது) கொண்டவை. அதைப் பார்க்காமல் ஈசியூவை இணைத்தால் அது அந்த நொடியே போய்விடும்.

அடுத்து எர்த். மல்ட்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும் மற்றொன்றை எஞ்சின் பிளாக்கில் பெயின்ட் சுரண்டிய இடத்திலும் வைத்துக்கொண்டு, ஒருவரை ஸ்டார்ட்டர் போடச் சொல்லுங்கள். மீட்டர் 0.2, 0.3 வோல்ட்டுக்குள் நின்றால் நல்லது. அரை வோல்ட்டைத் தாண்டினால் எர்த் பட்டையைக் கழற்றி, இரு முனையையும் உப்புத்தாளால் தேய்த்து, தேவையென்றால் புதியதைப் போடுங்கள். சென்சார்களின் எர்த் வயர்கள் எல்லாம் ஈசியூவுக்கே திரும்ப வேண்டும். பாடியில் ஆங்காங்கே திருகி வைத்தால் அளவுகள் ஆடும்.

பாயிண்ட், காண்டென்சர் உள்ள பழைய இக்னிஷன் எழுப்பும் மின்னிரைச்சல் ஈசியூவைக் குழப்பும். வேகத்தைக் காயிலின் நெகட்டிவ் முனையிலிருந்து எடுப்பதைவிட, லேத் பட்டறையில் கிராங்க் புல்லியில் பல் சக்கரம் பொருத்தி, கிராங்க் சென்சார் வைப்பது பன்மடங்கு நம்பகமானது. முப்பத்தாறு பல்லில் ஒன்று நீக்கிய சக்கரமே பரவலாகப் புழங்குகிறது. ரெசிஸ்டர் பிளக்கும் இரைச்சல் தடுக்கும் பிளக் வயரும் கட்டாயம்.

எந்த ஈசியூ வாங்கலாம்?

உங்களுக்கு ட்யூன் செய்யப்போகிறவர் எதைப் பழகியிருக்கிறாரோ அதை. மெகாஸ்குவர்ட், ஆர்டுயினோ மெகா பலகையை அடிப்படையாகக் கொண்ட திறமூல ஸ்பீடுயினோ ஆகியவை பழைய நான்கு சிலிண்டர் எஞ்சினுக்குத் தாராளமாகப் போதும். பந்தய வண்டிக்கான விலை உயர்ந்த பெட்டிகளால் இங்கே கூடுதல் பயன் இல்லை.

ட்யூனிங் எப்படிச் செய்வது?

கலவையின் விகிதத்தை விரிந்த எல்லையில் அளக்கும் வைட்பேண்ட் ஆக்சிஜன் சென்சார் இல்லாமல் செய்யாதீர்கள். அதை மேனிஃபோல்டு சேரும் இடத்துக்குப் பின்னால், தண்ணீர் தேங்காதவாறு மேல்நோக்கிச் சாய்த்துப் பொருத்த வேண்டும். அதற்கு முன்னால் சைலன்சர் பைப்பில் சிறு ஒழுக்கு இருந்தாலும் வெளிக்காற்று புகுந்து, வண்டி லீனாக ஓடுவதாகப் பொய் சொல்லும். அளவைக் காற்று-எரிபொருள் விகிதமாகப் பார்க்காமல் லாம்டாவாக (தேவையான காற்றைப்போல் எத்தனை மடங்கு இருக்கிறது என்ற எண்; 1 என்றால் சரி) பாருங்கள். மீட்டர் பெட்ரோலுக்கான எண்ணையே காட்டும் என்பதால், இ20 போட்ட வண்டியில் 14.7 என்று தெரிந்தாலும் உள்ளே நடப்பது 13.5, லாம்டாவில் இரண்டும் ஒன்றே.

எந்த வேகத்துக்கும் சுமைக்கும் எவ்வளவு பெட்ரோல் என்று சொல்லும் ஈசியூவின் அட்டவணையில், சீரான வேகத்துக்கான இடங்களை அதிகாலையில் ஓமலூர் பக்கம் நான்குவழிச் சாலையில் நிரப்பிக்கொள்ளலாம். குறைந்த வேகத்தில் கனத்த சுமைக்கான இடங்கள் மலைப்பாதையில்தான் கிடைக்கும். லேப்டாப் பக்கத்து இருக்கையில் இருப்பவரின் மடியில் இருக்க வேண்டும். ஓட்டுபவர் திரையைப் பார்க்கவே கூடாது. குளிர் ஸ்டார்ட்டை ஒரே நாளில் சரிசெய்ய முடியாது. ஒவ்வொரு முயற்சிக்கும் எஞ்சின் முழுதாக ஆற வேண்டும். சேலத்தில் சரியாக அமைந்தது ஏற்காட்டில் ஜனவரி விடியலில் போதாமல் போகும். வண்டியை ஓரிரவு மேலே நிறுத்திவைத்துக் காலையில் பார்ப்பதே வழி.

ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சிக்கல் வருமா?

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவின்படி, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்தவற்றிலிருந்து மாறுபடும் விதத்தில் வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. இன்ஜெக்ஷன் போடுவதால் எஞ்சின் எண், சி.சி., எரிபொருள் வகை எதுவும் மாறுவதில்லை என்பது உண்மை. அதை வைத்து நீங்களே முடிவெடுக்காமல், வேலையைத் தொடங்குமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டுப் பதில் பெறுங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுதித் தெரிவியுங்கள். ஐம்பது ஆண்டு கடந்த வண்டிக்கு 2021-இல் வந்த விண்டேஜ் பதிவு விதிகளின் கீழ் எண் வாங்க எண்ணியிருந்தால் இந்த மாற்றத்தையே கைவிடுங்கள். எஞ்சினிலும் பாடியிலும் பெரிய மாறுதல் இல்லாதிருப்பது அதற்கு நிபந்தனை.

மலைப்பாதையில் வண்டி நின்றுவிட்டால் என்ன செய்வது?

சாவியைத் திருப்பியவுடன் பின்னால் பம்ப் இரண்டு வினாடி ரீங்கரித்து நிற்கிறதா என்று காது கொடுத்துக் கேளுங்கள். சத்தம் இல்லையென்றால் ஃபியூஸ், ரிலே, இனர்ஷியா சுவிட்ச் என்ற வரிசையில் பாருங்கள். மேடு பள்ளத்தில் வண்டி தூக்கிப்போட்டாலே அந்த சுவிட்ச் சில நேரம் விழுந்துவிடும், மேலே உள்ள பொத்தானை அழுத்தினால் போதும். சத்தம் இருந்தும் ஸ்டார்ட் ஆகவில்லையென்றால் கிராங்க் சென்சாரின் கனெக்டரைக் கழற்றித் துடைத்து மாட்டுங்கள். ஒரு ரிலே, சில ஃபியூஸ், ஒரு கிராங்க் சென்சார், ஒரு தீயணைப்பான் ஆகியவை வண்டியிலேயே இருக்கட்டும்.

கழற்றிய கார்புரேட்டரை விற்றுவிடலாமா?

விற்க வேண்டாம். பிற்காலத்தில் வண்டியை வாங்குபவர் மூல நிலையை விரும்பலாம், ஆர்.டி.ஓ. அலுவலகம் மறுத்தாலும் பழையபடி திருப்ப வேண்டிவரும். கிண்ணத்தைக் கழற்றிப் பெட்ரோலைக் கொட்டி, ஜெட்களைக் காற்றடித்துச் சுத்தம் செய்து, லேசாக ஆயில் தெளித்து, மேனிஃபோல்டு, லிங்கேஜ், ஏர் ஃபில்டர் ஆகியவற்றோடு ஒரே பெட்டியில் வையுங்கள். இயந்திரப் பம்ப்பைக் கழற்றிய துளையைத் தகடும் கேஸ்கெட்டும் வைத்து மூடவும் வேண்டும். மூடாவிட்டால் அது வழியாக ஆயில் வெளியே அடிக்கும். தகட்டுக்குப் பயன்படுத்திய இரு போல்ட்டும் பம்ப்பின் போல்ட்டைவிடக் குட்டையானவை என்பதால், பழைய போல்ட்டுகளைப் பம்ப்போடு சேர்த்துக் கட்டியே பெட்டியில் போடுங்கள்.